மேற்படி பொட்டலம்

என்னைச் சோதனை போட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் போலீசில் இருந்து எத்தனையோ பேரின் மடியையும் பையையும் உதறிப் பார்த்தவன் நான். என்னை ஒரு தென்னந்தோப்பு வாசலில் நிறுத்தி, ஒரு வங்காளி சோதனை போட்டார். அதுவும் சிரித்துக்கொண்டே போட்டார். எனக்கு அதுதான் அதிக எரிச்சலாக வந்தது.

அந்தமானில் ஒரு சின்னத் தீவு. போர்ட் பிளேயரில் இறங்கி இரண்டரை மணி நேரம் கப்பலில் போக வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு நான் ஒருத்தன் போய்க் கொடுத்த தொந்தரவே போதும். மொத்தம் அறுபது பேர். தியானம் செய்கிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். என் ஒரே மகள் காளீஸ்வரி பெங்களூரு வேலையிலிருந்து பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு அங்கே போனாள். போனவள் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. இப்போது நிரந்தரமாக அங்கேயே தங்கப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்கு உறுதிமொழி எடுக்கிறாள் என்று அவள் அம்மாவுக்கு மெசேஜ் வந்தது. எனக்கு வரவில்லை. என்னிடம் அவள் பேச்சு 'ம்', 'இல்ல' என்ற அளவில் நின்று ஏழு வருஷமாகிறது.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் ஈஸ்வரி. என் வீட்டுக்காரி. "புள்ளையோட வந்தா வீட்டுக்கு வாங்க. இல்லைன்னா நீங்களும் அங்கனயே கண்ண மூடி உக்காந்துக்கிடுங்க. எனக்கு மாடு இருக்கு, நான் பொழச்சுக்கிடுவேன்."

அங்கே சுத்த சைவமாம் என்றும் அவள்தான் சொன்னாள். சைவம் என்றால் சும்மா கையை வீசிக்கொண்டா போவது? ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறுவதற்குள் இரண்டு கிலோ பால்கோவா வாங்கினேன். ஆண்டாள் கோயிலுக்குள் கொண்டுபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். ஈஸ்வரி தன் பங்குக்கு வீட்டு நெய்யில் பாசிப்பருப்பு உருண்டை பிடித்துக் கொடுத்தாள். சாமியார் மாதிரி இருக்கிறவர்களுக்கு இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்?

வாசலில் அந்த வங்காளி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மில்க்?" என்றார்.

"எஸ் சார். ப்யூர் மில்க். ஒரிஜினல்" என்றேன் பெருமையாக.

அவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்தால் நான் ஏதோ சாராய கேனைக் கொண்டுவந்தது மாதிரி இருந்தது. பால் கூடாதாம். தயிர், மோர், நெய், தேன், பட்டு எதுவும் கூடாதாம். மாட்டிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் எதையும் எடுக்க மாட்டார்களாம். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார். அதோடு விட்டாரா? என் இடுப்பைக் காட்டினார். தோல் பெல்ட். அதையும் கழற்ற வேண்டுமாம்.

லாக்கப்பில் போடுகிறவனுக்குத்தான் நாங்கள் பெல்ட்டைக் கழற்றுவோம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் ஒன்று அவர்கள் கையில் சிக்கவில்லை. காளிக்கென்று கால் கிலோ பால்கோவாவைத் தனியாக, தமிழ்ப் பேப்பரில் மடித்து, சணல் நூலால் கட்டி, மடக்குக் குடைக்குள் செருகியிருந்தேன். குடைக்குள் யாரும் கையை விட மாட்டார்கள் என்பது எனக்குச் சர்வீசில் தெரிந்த விஷயம்.

காளி தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கறுத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ இந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வாங்கப்பா. அம்மா வரலையா?"

"மாட்ட விட்டுட்டு எப்படி வருவா? நான்தான் வந்தேன். ஒன்னயக் கூட்டிட்டுப் போக."

நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள், குடிசைக்குள் போய் ஒரு துணிக் கயிறு கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிக்கொண்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. யாரோ அறுபது பேரிடம் சிரிக்கிறவளுக்குப் பெற்றவனிடம் கொடுக்க ஒரு கயிறுதான் இருக்கிறதா?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. காலையில் நாலரைக்கு மணி அடிப்பார்கள். கூடத்தில் போய் உட்கார வேண்டும். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும், பத்து நிமிஷத்தில் எந்திரித்துவிடுவேன். கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ராத்திரி ரோந்து போனவனுக்குச் சும்மா உட்காரத் தெரியுமா? ஒரு கொசு வந்து கழுத்தில் உட்கார்ந்தது, பட்டென்று அடித்தேன். அறுபது பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காப்பியில் தேங்காய்ப்பால் ஊற்றினார்கள், அன்றைக்கு முழுக்கத் தலைவலி.

இந்த இடத்தில் ஏதாவது தப்பு இருக்கும் என்றுதான் துருவித் துருவிப் பார்த்தேன். கஞ்சா வாடை வருகிறதா, எவனாவது பெரிய சாமியார் பிள்ளைகளைக் காலில் விழ வைக்கிறானா, வீடு வாசலை எழுதி வாங்குகிறார்களா என்று. ஒரு மண்ணும் இல்லை. தலைவர் என்றுகூட யாரும் இல்லை. மார்த்தா என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் கூட்டத்தில் நடுவில் உட்காருவார். அவரும் முறை வந்தால் கக்கூஸ் கழுவுகிறார். குற்றம் கிடைக்காத இடத்தில் எனக்கு என்ன வேலை?

பேசுவதற்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தார், சமையல்கட்டில் இருந்த பரிபூரணம் என்கிற அம்மா. போர்ட் பிளேயரில் பிறந்தவர்தான் என்றாலும் நல்ல தமிழ். அவர் அப்பா நம்ம வத்திராயிருப்புக்குப் பக்கம் வ. புதுப்பட்டியிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவராம். பூசணி அரிந்து கொடுத்தபடியே விசாரித்தேன். விசாரிக்கிறேன் என்று தெரியாமல் விசாரிக்க எனக்கு வரும்.

"உறுதிமொழிக்கு முன்னால நாப்பது நாள் விரதம் அண்ணாச்சி. காளி நல்லாப் புடிச்சிட்டு வருது. இன்னும் மூணு நாள்தானே" என்றார்.

"நடுவுல வாய் தவறி எதையாச்சும் தின்னுட்டா?"

"தின்னா ஒண்ணும் தூக்குல போட மாட்டாக" என்று சிரித்தார். "ஒரு வருசம் வீட்டுக்குப் போயி இருந்து நல்லா யோசிச்சிட்டு வரணும். மனசு இன்னும் வீட்லதான் கெடக்குன்னு அர்த்தம்ல?"

வியாழக்கிழமை காலையில் ஒருத்தர் குடிசையை இன்னொருத்தர் கூட்டிச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு இனி வேறு எதுவும் தேவைப்படவில்லை.

புதன்கிழமை பதினோரு மணித் தியானத்துக்கு எல்லாரும் கூடத்துக்குள் போன பிறகு, குடையை எடுத்துக்கொண்டு காளியின் குடிசைக்குப் போனேன். ஒரு பாய், ஒரு மண்குடம், ஒரு பலகை, பலகையில் மடித்து வைத்த நாலு உடுப்பு. பொட்டலத்தைப் பிரித்து, யாரோ தின்ற மாதிரி ஒரு விரல்கடை கிள்ளி என் வாயில் போட்டுக்கொண்டேன். திரும்பக் கட்டி உடுப்புக்கு அடியில் வைத்தேன். எனக்கு இது புதுசு இல்லையே.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், தென்காசி ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பேச்சிமுத்துவின் மகன் ராம்குமாரும் காளியும் பழகினார்கள். அவர்கள் வேறு ஆட்கள். எனக்கு அது போதும், ரத்தம் கொதித்தது. ஸ்டேஷனில் கிடந்த ஒரு திருட்டுச் செல்போனை அவன் வண்டிப் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் அவன் மீது கேஸ். அந்தப் பையன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். கேஸ் இருக்கிறது என்று அந்த வேலை போனது. அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். அன்றைக்குக் காளி என் முன்னால் வந்து நின்று, "நீங்கதான் வெச்சீகளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். உன் மேல் சத்தியமாக இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த 'ம்'மும் 'இல்ல'யும்.

வியாழக்கிழமை எறும்புதான் காட்டிக் கொடுத்தது. காளியின் குடிசையைக் கூட்டப் போன பெண், எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்து, அதை மிதித்துவிடக் கூடாதே என்று உடுப்பைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் என் பொட்டலம். மதுரைப் பதிப்பு, சனிக்கிழமைப் பேப்பர். நான் வைத்த பொருளில் இப்படி ஒரு அடையாளத்தை விட்டுவைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. ரிட்டயராகி மூளை மழுங்கிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்த்தா அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். காளி பொட்டலத்தைப் பார்த்தாள், அந்தச் சணல் முடிச்சைப் பார்த்தாள். கோர்ட்டுக்கு அனுப்புகிற பொருளுக்கு நான் போடுகிற முடிச்சு அது. சின்ன வயசில் என் மடியில் உட்கார்ந்து அவளும் அதைப் போடப் பழகியிருக்கிறாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் இந்தியில் நாலு வார்த்தை பேசினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொல்லுது?"

"ஆசையா இருந்துச்சாம். அப்பாகிட்டக் கேட்டு வாங்கித் தின்னுச்சாம். நாளைக்குக் கப்பல்ல கெளம்புதாம்."

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமா இல்லையா? ராத்திரி கண்ணை மூட முடியவில்லை. புரண்டு புரண்டு படுத்தேன். அவள் பொய் சொல்லிவிட்டாளே. எனக்காக என் பிள்ளை அறுபது பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு பொய் சொல்லிவிட்டாளே.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் துறையில் நின்றோம். என் கையில் அலமாரியிலிருந்து வாங்கிய பால்கோவா டப்பா. இடுப்பில் என் பெல்ட். அவள் தோளில் ஒரே ஒரு பை. தூரத்தில் கப்பல் வருவது தெரிந்தது. நான் பத்தடி அந்தப் பக்கமும் பத்தடி இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன்.

"நிக்க மாட்டீகளாப்பா?" என்றாள்.

நின்றேன்.

"நீங்கதான் வெச்சீகளா?"

அதே கேள்வி. அதே குரல். ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே மாதிரி, கோபமே இல்லாமல். இல்லை என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. சொன்னால் இன்னும் அரை மணி நேரத்தில் என் பிள்ளை என்னோடு கப்பலில் இருப்பாள். ஈஸ்வரி கதவைத் திறப்பாள். உண்மையைச் சொன்னால் எல்லாம் போச்சு.

"ஆமா" என்றேன். "நான்தான் வெச்சேன், தாயி."

அவள் கண் கலங்கிவிட்டது. "அந்தச் செல்போன்?"

"அதுவும்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"ஏன்ட்டி பொய் சொன்ன? நான் செய்யலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் இல்லைன்னா பொறவு யாரு? உங்களத்தான நடுவுல நிறுத்துவாக. எனக்கு அதப் பாக்க முடியாதுப்பா. நீங்களா எந்திரிச்சுச் சொல்லுவீகன்னு பாத்தேன். எம்புட்டு நேரம் பாத்தேன், தெரியுமா?"

"வா, திரும்பிப் போவோம்" என்று அவள் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். எங்களை ஏற்றாமலே கப்பல் போனது.

எனக்கு இந்தி வராது, வட்டத்தில் உட்கார்ந்து பேசவும் வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பரிபூரணத்திடம் பேப்பர் வாங்கி, சமையல்கட்டுத் திண்டில் வைத்து எழுதினேன். தங்கப்பாண்டியன், த/பெ வீரணன், ஊர் தேவதானம், தற்சமயம் ராஜபாளையத்தில் குடியிருந்து வருகிறேன். மேற்படி பால்கோவாப் பொட்டலத்தைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்ததும், மேற்படி காளீஸ்வரிக்குத் தெரியாமல் அவளது உடுப்புக்கு அடியில் வைத்ததும் நானே. அவள் அதைத் தின்னவில்லை. கிள்ளித் தின்றதும் நானே. யார் தூண்டுதலும் இல்லாமல் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். படித்துப் பார்த்தேன், சரி. கையெழுத்துப் போட்டேன். எத்தனை பேரிடம் எழுதி வாங்கியிருப்பேன்? என் பெயரில் ஒன்று எழுதியது அன்றைக்குத்தான்.

பரிபூரணம் கூடத்தில் நின்று அதை இந்தியில் வாசித்தார். கேட்டு முடித்த மார்த்தா அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர்கள் யாருக்கும் திட்டவே தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் மகள் உறுதிமொழி எடுத்தாள். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் கப்பல் துறைக்கு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷமாச்சு அவள் என்னைத் தொட்டு!

"அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். "ஆனா எங்கிட்டச் சொன்னதோட முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீகப்பா. சொல்ல வேண்டிய எடம் ராஜபாளையத்துல இருக்கு."

"தெரியும்" என்றேன்.

கப்பலிலேயே இரண்டாவது வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தேன். விமானத்தில் இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். மதுரையில் இறங்கி பஸ்ஸில் வரும்போது, கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிற வரைக்கும் மடியில் பையை வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். வண்டி குலுங்கியதில் எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கலாக இருந்தது. ராஜபாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல், பையும் குடையுமாகத் தென்காசி ரோட்டுக்கு நடந்தேன். பட்டறைக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொரு டீ. பால் டீதான், ஆனாலும் இறங்கவில்லை. இரண்டு தடவை பட்டறையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

பேச்சிமுத்து ஒரு இரும்புக் கேட்டைப் படுக்கப்போட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எந்திரித்தார். நான் செய்தது அவருக்குத் தெரியாது.

"வாங்க ஏட்டையா. எங்க, பையும் கையுமா? உக்காருங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. பேப்பரை நீட்டினேன். வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடி வீட்ல கெடக்கு. உங்க எழுத்த நீங்களே வாசிங்க."

வாசித்தேன். தங்கப்பாண்டியன், த/பெ வீரணன். மேற்படி ராம்குமாரின் வண்டிப் பெட்டியில் திருட்டுச் செல்போனை வைத்தது நானே. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. எந்தக் கோர்ட்டிலும் எந்த ஆபீசிலும் வந்து இதைச் சொல்லச் சம்மதிக்கிறேன். படித்துப் பார்த்தேன், சரி.

பேச்சிமுத்து என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். கையில் இரும்புக் கம்பி இருந்தது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். நம்பர் இரண்டு தடவை தப்பிப் போனது. மூணாவது தடவை மணி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஸ்டூலில் வைத்தார். திருப்பூரில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னப்பா, இந்நேரம்?"

"ஏலே ராம்குமாரு, மெஷின நிப்பாட்டு. காளியோட அப்பா வந்திருக்காரு. ஒண்ணு வாசிக்காரு, கேளு" என்றார் பேச்சிமுத்து. பிறகு என்னைப் பார்த்து, "மொதல்லருந்து வாசிங்க" என்றார்.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. நான் பேப்பரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.